அயலவர்க்கும் ஓர் அறிவித்தல்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது தமிழ் மக்கள் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வீடு கட்டுபவன் படும் பாட்டை அது சுருங்கச் சொல்லுகின்றது. அடுத்த வளவில் வாழ்பவன் படும் பாட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. தன் காணியில் தான் கட்டுவதற்கு ஒருவனுக்கு உரிமையுண்டு. ஆனால் அவன் எழுப்பும் மாடி அயலவனுடைய முற்றத்து வெயிலை மறைக்கலாம். அவன் நிறுவும் ஆலையின் புகை அயலவனுடைய அடுப்படிவரை செல்லலாம். ஆகவே, கட்டுவதற்கு அநுமதி கேட்பவன் ஒருவன், கொடுப்பது ஓர் உள்ளூராட்சி மன்றம் என்றிருக்குமிடத்து, அச்செய்தியை அயலில் உள்ளோர்க்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டுமா என்ற வினா எழுகின்றது.

வேண்டும் என்று இன்று எவரும் எளிதிற் சொல்லிவிடுவர். எனினும், அவ்விடையை எழுத்தில் முழுமையாக வடிப்பதற்கு இங்கிலாந்து மிக நீண்ட காலம் எடுத்துக்கொண்டது. இலங்கையின் உள்ளூராட்சிச் சட்டங்களும் நகர அமைப்புச் சட்டங்களும் பெரும்பாலும் அந்நாட்டு முறைகளைத் தழுவி எழுந்தவை. ஆதலால் அவ்வரலாறு இலங்கையர்க்கும் அந்நியமானதன்று.

மத்திய கால இலண்டன் மாநகரில் அயலவனுக்கு இருந்த மதிப்பு வியப்புக்குரியது. முதலாவது மாநகர முதல்வராகிய ஹென்றி பிட்ஸ்எயில்வின் காலத்தில், 1189ஆம் ஆண்டையொட்டி, கட்டடங்கள் பற்றிய விதிகள் தொகுக்கப்பட்டன என்பது மரபு. அயலார் இருவருக்கிடையே எழும் கற்சுவர் 3 அடித் தடிப்பும் 16 அடி உயரமும் உடையதாக இருக்க வேண்டும் என்றும், மலக்குழி கற்கட்டு உடையதாயின் அயற்காணியிலிருந்து இரண்டரை அடியும், கற்கட்டு இல்லாததாயின் மூன்றரை அடியும் விலகியிருக்க வேண்டும் என்றும் அவை வகுத்தன. பக்கத்துக் கட்டட வேலையால் தனக்குத் தீங்கு நேரும் என்று கருதியவன் முதல்வரிடம் பிணை வைத்து முறையிட்டால், வேலை நிறுத்தப்படும்; நகரத் தலைவர்கள் நேரில் அவ்விடம் சென்று பார்த்துத் தீர்ப்பளிப்பர். இம்முறைக்குத் தனி அறிவித்தல் தேவைப்படவில்லை. ஒடுங்கிய வீதிகளையுடைய அந்நகரில், கல்லும் மரமும் வந்திறங்கும் ஓசையே அறிவித்தலாக இருந்தது.

நிலத்தைப் பற்றிய முடிவுகள் தொலைவிலுள்ள பாராளுமன்றத்திற் செய்யப்படத் தொடங்கியபோதுதான் அறிவித்தல் இன்றியமையாததாயிற்று. 18ஆம் நூற்றாண்டில், ஊர்மக்கள் அனைவரும் ஆடுமாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வந்த பொதுநிலங்கள், தனிச் சட்டங்களின் மூலம் வேலியடைக்கப்பட்டுத் தனியார் உடைமையாயின. ஊரவர் அறியுமுன்னரே சட்டம் நிறைவேறிவிடும் என்ற முறைப்பாடு வலுத்தது. 1774ஆம் ஆண்டிற் பாராளுமன்றத்தின் பொதுமக்கள் சபை ஒரு நிலையியற் கட்டளையைப் பிறப்பித்தது. வேலியடைப்புச் சட்டமூலம் கொண்டுவர விரும்புவோர், ஓகஸ்ட் அல்லது செப்டெம்பர் மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில், அந்த ஊர்த் தேவாலயக் கதவில் அறிவித்தல் ஒட்ட வேண்டும் என்பதே அது.

அக்கட்டளையை வகுத்தோர் இடத்தையும் காலத்தையும் எண்ணிப் பார்த்தே தேர்ந்திருந்தனர். ஊர் முழுவதும் கூடும் இடம் தேவாலயம். ஊர் முழுவதும் கூடும் நாள் ஞாயிறு. ஒரு ஞாயிறு வராதவன் மறு ஞாயிறு வருவான். ஆயினும் அதன் குறைபாடும் வெளிப்படையானது. எழுத்தறியாத ஏழை உழவன் கதவிலிருந்த தாளைப் பார்த்து என்ன செய்வான்? படித்தவர் ஒருவர் பொருள் சொல்லக் கேட்டாலும், இலண்டனுக்குச் சென்று மனுச் செய்யும் செலவை எங்ஙனம் தாங்குவான்? வேலிகள் எழுந்தன, பொதுநிலங்கள் மறைந்தன. அறிவித்தல் மட்டும் இருந்து, அதைக் கொண்டு எதுவும் செய்யும் ஆற்றல் இல்லாதவிடத்து, அது வெறும் சடங்காகிவிடும் என்ற பாடத்தை அக்கதவுகள் அன்றே கற்பித்தன.

புகையிரதக் காலத்தில் அறிவித்தல் முறை மேலும் விரிந்தது. பாதை அமைக்க விரும்பும் கம்பனிகள், தங்கள் படங்களை ஆண்டுதோறும் நவம்பர் 30ஆந் திகதிக்கு முன் அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. பாதை செல்லும் மாவட்டங்களிலும் அவை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. 1845ஆம் ஆண்டில் அந்நாள் ஒரு ஞாயிறாக வாய்த்தது. புகையிரதப் பைத்தியம் நாட்டைப் பிடித்தாட்டிய அவ்வாண்டில், நூற்றுக்கணக்கான திட்டப்படங்கள் நள்ளிரவுவரை இலண்டனில் வந்து குவிந்தன. போட்டிக் கம்பனியின் படங்களைத் தன் வண்டியில் ஏற்ற மறுத்த கம்பனியும் இருந்தது. அதனை ஏமாற்றப் படங்களைப் பிரேத வண்டியில் வைத்து அனுப்பியவர் கதையும் சொல்லப்படுகின்றது. நகைப்புக்குரிய இக்காட்சியின் அடியில் ஒரு நற்கொள்கை இருந்தது. ஒருவனுடைய நிலத்தின் மேல் பாதை வருமாயின், அதன் படத்தை அவன் முன்னரே பார்க்க இடமிருக்க வேண்டும் என்பதே அது.

உள்ளூர் மன்றங்களின் அதிகாரம் பெருகிய 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை வேறுவிதமாயிற்று. கொள்ளைநோய்களால் வருந்திய நகரங்களைத் திருத்துவதற்காக, வீடு கட்டுபவன் தன் படத்தை மன்றத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதி பரவியது. இங்கு அறிவித்தல், கட்டுபவன் மன்றத்துக்குக் கொடுப்பதேயன்றி, மன்றம் ஊருக்குக் கொடுப்பதன்று. 1855ஆம் ஆண்டின் இலண்டன் பெருநகர்ச் சட்டம், அத்திவாரம் இடுவதற்கு 7 நாட்களுக்கு முன் கட்டுபவன் மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றும், தவறினால் மன்றம் கட்டடத்தை இடிக்கலாம் என்றும் கூறியது. வான்ட்ஸ்வர்த் என்ற பகுதியில் ஒருவர் தமது வீட்டை இரண்டாம் மாடிவரை எழுப்பியிருந்தார். முறைப்படி அறிவிக்கவில்லை என்று சொல்லி, அவரிடம் ஒரு வார்த்தையும் கேளாமலே மன்றத்தின் ஆட்கள் வந்து அதனை இடித்துத் தள்ளினர். 1863ஆம் ஆண்டில் வழக்கு நீதிமன்றம் சென்றது. ஒருவன் சொல்வதைக் கேளாமல் அவன் உடைமையை அழித்தல் தகாது என நீதிபதிகள் தீர்த்தனர். ஆதாமைத் தண்டிக்குமுன் இறைவனே அவனை அழைத்து விசாரித்தான் என்ற பழைய சட்டவுரையை அவர்களுள் ஒருவர் நினைவூட்டினார்.

இத்தீர்ப்பு உரிமையாளனைக் காத்தது. அயலவன் இன்னும் படலைக்கு வெளியேதான் நின்றான்.

இரண்டாவது உலகப் போரின் பின்னர் வந்த 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புற அமைப்புச் சட்டம் எல்லாவற்றையும் மாற்றியது. 1948 ஜூலை முதலாந் திகதி தொடக்கம், சிறுவேலைகள் சில நீங்கலாக, நிலத்தில் எந்தப் புதிய கட்டடத்துக்கும் உபயோக மாற்றத்துக்கும் மன்றத்தின் அநுமதி வேண்டியதாயிற்று. எந்நிலத்தில் எது வரலாம் என்று சொல்லும் அதிகாரம் ஊர் மன்றங்களின் கைக்கு வந்தது. விண்ணப்பங்களைப் பதிவதற்கு ஓர் இடாப்பு வைக்கப்பட்டது. அதை எவரும் பார்வையிடலாம் என்றும் சட்டம் சொன்னது.

இங்கேதான் நுண்ணியதொரு குறை ஒளிந்திருந்தது. இடாப்பு திறந்திருந்தது உண்மை. ஆனால் அதைப் பார்க்க வேண்டும் என்று அயலவனுக்குச் சொல்வார் எவருமில்லை. வேலைக்குச் செல்லும் ஒருவன் நாள்தோறும் மன்றத்துக்குப் போய், தன் வீட்டின் அருகே என்ன வரப்போகின்றது என்று புரட்டிப் பார்ப்பானா? கொத்தனார் வந்த அன்றே அவன் செய்தியை அறிந்தான். அன்று முடிவு முடிந்த முடிவாயிருந்தது. இதனினும் விசித்திரமான நிலையும் உண்டு. ஒரு காணியை வாங்கலாம் என்று நம்பியிருப்பவன், அதன் சொந்தக்காரனுக்கே தெரியாமல் அக்காணியிற் கட்டுவதற்கு அநுமதி கேட்கலாம் என்று 1952ஆம் ஆண்டில் ஒரு வழக்கிலே தீர்ப்பாயிற்று. சொந்தக்காரன் கதியே இதுவானால் அயலவன் கதியைச் சொல்லவும் வேண்டுமோ!

மாற்றத்துக்குத் தூண்டுகோலாக அமைந்தது வேறொரு விவகாரம். டோர்செட் மாவட்டத்திலுள்ள கிரிச்சல் டவுன் என்ற இடத்தில், குண்டுப் பயிற்சிக்கென்று அரசு 1938ஆம் ஆண்டில் 725 ஏக்கர் நிலத்தை வாங்கியிருந்தது. தேவை தீர்ந்த பின் அதைப் பழைய உரித்தாளருக்குத் திரும்பக் கொடாமல் அதிகாரிகள் மறைவாக நடந்துகொண்டமை வெளிப்பட்டு, 1954ஆம் ஆண்டில் விவசாய மந்திரி பதவி துறந்தார். அரசின் முடிவுகள் எவ்வாறு செய்யப்படுகின்றன என்ற ஐயம் நாடெங்கும் எழுந்தது. சேர் ஒலிவர் பிராங்ஸ் தலைமையில் அமைந்த குழு 1957ஆம் ஆண்டில் தன் அறிக்கையை வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை, நியாயம், நடுநிலை என்னும் மூன்றையும் ஆட்சி விசாரணைகளின் உயிர்நாடியாக அக்குழு எடுத்துக்காட்டியது.

1959ஆம் ஆண்டின் சட்டம் இரு வாயில்களைத் திறந்தது. முதலாவது, காணிச் சொந்தக்காரனுக்கு அறிவிக்காமல் எவரும் விண்ணப்பிக்க முடியாது. இரண்டாவது, பொதுக் கழிப்பிடம், கழிவுகளைக் கொட்டுமிடம், கொல்களம், நடன மண்டபம் போன்ற, அயலார் விரும்பாத சில வகைகளுக்கு உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரம் செய்ய வேண்டும். ஆங்கிலேயர் இவற்றைக் கெட்ட அயலார் என்றே அழைத்தனர். சாதாரண வீட்டுக்கோ கடைக்கோ இவ்விதி இல்லை. 1960ஆம் ஆண்டில் மற்றொரு கதவு திறந்தது. உள்ளூர் மன்றங்களின் கூட்டங்களுக்குச் செல்லும் உரிமையைப் பொதுமக்களுக்குச் சட்டம் வழங்கியது. அச்சட்டமூலத்தைக் கொண்டுவந்தவர், தமது கன்னிப் பேச்சையே அதற்கெனப் பயன்படுத்திய இளம் உறுப்பினரான மார்கிரட் தாட்சர். பின்னாளிற் பிரதம மந்திரியானவர்.

இச்சீர்திருத்தங்கள் எவ்வளவு தூரம் சென்றன, எங்கே நின்றுவிட்டன என்பதை எசெக்ஸ் மாவட்டத்தின் சுண்ணக்கற் குழி வழக்கு காட்டிற்று. சப்ரன் வோல்டன் என்ற சிறுநகரின் அருகே சுண்ணக்கல் அகழ்வதற்கு மன்றம் அநுமதி மறுத்தது. அகழ விரும்பியோர் மந்திரியிடம் முறையிட்டனர். பகிரங்க விசாரணையில், சுண்ணத்தூள் தங்கள் நிலங்களையும் கால்நடைகளையும் பாழாக்கும் என்று அயற்காணிக்காரர் வாதித்தனர். விசாரித்த அதிகாரி அவர் பக்கமே பரிந்துரைத்தார். ஆனால் மந்திரி, விசாரணை முடிந்த பின் வேறொரு திணைக்களத்தின் நிபுணர்களிடம் தனியே ஆலோசனை பெற்று அநுமதி வழங்கிவிட்டார். அயற்காணிக்காரர் நீதிமன்றம் சென்றபோது, 1960ஆம் ஆண்டில் நீதிபதி சமன் அளித்த தீர்ப்பு சுருக்கமானது: அயலவர் துன்பம் அடைந்திருக்கலாம், ஆயினும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் எவ்வுரிமையையும் இழக்கவில்லை, ஆகவே முறையிட அவர்களுக்குத் தகுதியில்லை.

தீர்ப்புத் தோல்வியாயினும், எழுந்த கண்டனம் வீண்போகவில்லை. விசாரணைக்குப் பின் புதிய சான்று கிடைத்து, மந்திரி வேறு முடிவுக்கு வர எண்ணினால், அதை இருபக்கத்தாருக்கும் அறிவித்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று 1962ஆம் ஆண்டின் விசாரணை விதிகள் கூறின.

இதே காலத்தில் அண்டை நாடாகிய அயர்லாந்து துணிந்து வேறுவழி சென்றது. அதன் 1963ஆம் ஆண்டுச் சட்டம் 1964 ஒக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தபோது, அறிவித்தலை மட்டுமன்றி, மன்றத்தின் முடிவுக்கெதிராக மேன்முறையீடு செய்யும் உரிமையையும் மூன்றாமவர்க்கு அளித்தது. இங்கிலாந்தில் அநுமதி மறுக்கப்பட்ட விண்ணப்பகாரனே மேன்முறையிடலாம். அநுமதி கொடுக்கப்பட்டதால் வருந்தும் அயலவன் அவ்வாறு செய்ய இயலாது. அயர்லாந்தில் அயலவனுக்கும் அவ்வழி உண்டு. அங்கே கட்டுமிடத்தில் நாட்டப்படும் அறிவித்தல் வெள்ளை நிறமானது. 6 மாதத்துள் அதே நிலத்துக்கு மீண்டும் விண்ணப்பித்தால் மஞ்சள் நிறத்தாளிற் போட வேண்டும். முன்பு படித்துவிட்டோம் என்று எண்ணி வழிப்போக்கர் கடந்துபோகாதிருக்கச் செய்த எளிய உபாயம் அது.

இங்கிலாந்து படிப்படியாகவே நடந்தது. பழைமையும் அழகும் பொருந்திய பகுதிகளைக் காப்பதற்கு வந்த 1967ஆம் ஆண்டுச் சட்டம், அப்பகுதிகளின் தோற்றத்தைப் பாதிக்கும் விண்ணப்பங்களுக்குச் செய்தித்தாள் விளம்பரத்தையும், அவ்விடத்திலேயே ஒட்டும் அறிவித்தலையும் கட்டாயமாக்கியது. ஆர்தர் ஸ்கெபிங்டன் தலைமையிலான குழு 1969ஆம் ஆண்டில், நகர அமைப்பில் மக்கள் பங்குபற்ற வேண்டும் என்று அறிக்கையிட்டது. நல்ல மன்றங்கள் பல, சட்டம் கேளாமலே, பக்கத்து வீட்டார்க்குக் கடிதம் எழுதத் தொடங்கின, மற்றவை வாளாவிருந்தன. இறுதியில் 1991ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்கீழ் 1992ஆம் ஆண்டிற் பிறந்த விதிகளும், எல்லா விண்ணப்பங்களையும் மன்றம் விளம்பரப்படுத்தியேயாக வேண்டும் என்றன. சிறிய விண்ணப்பமாயின் 21 நாட்கள் அவ்விடத்தில் ஒட்டும் தாள் அல்லது அயலவர்க்குக் கடிதம். பெரிய விண்ணப்பமாயின் செய்தித்தாளிலும் விளம்பரம். இடாப்பைத் திறந்து வைத்த 1948க்கும், அதிலுள்ளதை அயலவன் வாசலுக்குக் கொண்டு சென்ற 1992க்கும் இடையே கழிந்தவை 44 ஆண்டுகள்.

அறிவித்தல் என்பது தடையாணை அன்று என்பதையும் மறத்தலாகாது. அயலவன் ஆட்சேபித்தான் என்பதற்காகவே அநுமதி மறுக்கப்படுவதில்லை. வெளிச்சம், இரைச்சல், போக்குவரத்து, சூழலின் அமைதி என்பன மன்றத்தின் தராசில் ஏறும். தன் வீட்டின் விலை குறையும் என்ற முறைப்பாடு ஏறாது. மறுபக்கத்து வாதமும் புறக்கணிக்கத் தக்கதன்று. வசதியுள்ளோர் அறிவித்தலைப் படித்து, ஒன்றுகூடி, ஏழைகளுக்கான வீடுகளையும் நோயாளர் இல்லங்களையும் தங்கள் வீதிக்கு வராமல் தடுக்க முயல்வது உண்டு. இன்று அங்கு வாழ்பவன் அறிவித்தலைப் படிக்கின்றான். நாளை அங்கு வாழ வேண்டியவன் அதைக் காண்பதில்லை. அவனுக்காகவும் பேசுவது மன்றத்தின் கடமை. ஆயினும் இக்குறைக்கு மருந்து, அறிவித்தலை நிறுத்துவதன்று. வரும் ஆட்சேபங்களை நீதியுடன் நிறுத்துப் பார்ப்பதே.

இலங்கையின் கதையும் ஏறத்தாழ இவ்வழியே வந்தது. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், படத்துக்கு அங்கீகாரம் பெறாமல் நகரெல்லைக்குள் கட்டலாகாது என்றது. 1946ஆம் ஆண்டின் நகர, நாட்டுப்புற அமைப்புக் கட்டளைச் சட்டம் நகரங்களைத் திட்டமிட வழி வகுத்தது. கட்டுபவனுக்கும் மன்றத்துக்கும் இடையிலான தொடர்பே இவற்றின் மையம். பொதுமக்களுக்கு அறிவிக்கும் கடமை தெளிவாக வந்தது சுற்றாடற் சட்டத்தின் வழியாகவே. தேசிய சுற்றாடற் சட்டத்துக்கு 1988ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட திருத்தம், பெருந்திட்டங்களின் சுற்றாடற் பாதிப்பு அறிக்கை பற்றி வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மும்மொழிச் செய்தித்தாள்களிலும் அறிவித்து, 30 நாட்கள் மக்கள் கருத்துக்கு இடமளிக்க வேண்டும் என்றது. 1998ஆம் ஆண்டில் ஹோமாகம பிரதேச சபை பற்றிய வழக்கில் உயர் நீதிமன்றம், பகிரங்கமும் ஒளிவின்மையும் நியாயமும் இன்றி நீடித்து நிலைக்கும் அபிவிருத்தி கைகூடாது என்ற கருத்தை வலியுறுத்தியது.

மும்மொழி என்ற சொல் இங்கே கருதத்தக்கது. தேவாலயக் கதவில் ஒட்டிய தாளை எழுத்தறியாத உழவன் எவ்வாறு வெறுங்கண்ணாற் பார்த்து நின்றானோ, அவ்வாறே தனக்கு விளங்காத மொழியில் எழுதிய அறிவித்தலைப் பார்த்து நிற்பவனும் அறிவிக்கப்பட்டவன் ஆகமாட்டான். கேட்பவன் விளங்கிக்கொள்ளும் போதுதான் அறிவித்தல் நிறைவேறுகின்றது.

இக்காலத்தில் மன்றங்கள் பல தம் இடாப்புகளை இணையத்தில் ஏற்றியுள்ளன. வீட்டிலிருந்தே படங்களைப் பார்ப்பது பெரும் வசதி. ஆனால் இணையத்தில் உள்ள இடாப்பும் ஓர் இடாப்பே. தேடிச் செல்பவனுக்கே அது பேசும். தேடவேண்டும் என்று அறியாதவனைத் தேடிச் செல்வது, வேலியோரத்தில் நாட்டிய பலகையும் வாசலில் வந்து சேரும் கடிதமுமே. நல்ல அறிவித்தலுக்கு வேண்டியவை சிலவே. மக்கள் நடமாடும் இடத்தில், கண்ணுக்கு எட்டிய உயரத்தில் அது இருத்தல் வேண்டும். எங்கே, என்ன, எந்நாள்வரை ஆட்சேபிக்கலாம் என்பன எளிய சொற்களில் எழுதப்படுதல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவு செய்யுமுன் அது வருதல் வேண்டும். முடிவுக்குப் பின் வரும் செய்தி துக்கம் விசாரிப்பதற்கே உதவும். முன் வரும் செய்தியே ஒருவனைக் குடிமகனாக மதிக்கின்றது.